மூன்றாவது குஞ்சின் இடது கண்

லிப்ட் மெக்கானிக்குக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அவர் வேலை பார்க்கிற கட்டடங்களில் ஒரு பேச்சு உண்டு. பாதி வழியில் நின்றுபோன லிப்டின் மேல் ஏறி, விசிலடித்துக்கொண்டே போல்ட் முடுக்குகிற ஆசாமி. அந்த மனிதரை உள்ளங்கை அளவு கிளிக்குஞ்சு ஒன்று ஆட்டிப்படைத்துவிட்டது.

பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபின், காலியான அறையில் கொண்டைக்கிளி ஜோடி ஒன்றை வளர்த்தார். இந்த முறை மூன்று குஞ்சுகள். இரண்டு ஒழுங்காகக் கண் திறந்தன. மூன்றாவதற்கு வலது கண் மட்டும்தான். இடது பக்கம் வெறும் தோல். இமை பிரிகிற கோடுகூடக் கிடையாது.

தன்னால் வந்த வினைதான் இது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது கிளி வளர்ப்பவர்கள் வழக்கம். அதற்கு ஒரு சின்ன விளக்கு போதும். இவரோ லிப்ட் குழிக்குள் அடிக்கிற பெரிய டார்ச்சைக் கொண்டுவந்து அடித்திருந்தார். பாவி, குஞ்சின் கண்ணைப் பொசுக்கிவிட்டோமே என்று மனதுக்குள் குமைந்தார். மனைவியிடம் காரணம் சொல்லாமல், எல்லாக் கிளிகளையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். எதற்கும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிற அவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். டார்ச் விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கடைசியில் இருவரும் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துப் பறவை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போதே இவர் டார்ச் கதையை ஒப்பித்துவிட்டார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "டார்ச் அடிச்சா இமை ஒட்டிக்காதுங்க. இது பொறவியிலேயே அப்படி. கீறி விட்டாலும் திரும்ப மூடிக்கும், சும்மா விட்டுடுங்க. வலி கிடையாது. ஒரு கண்ண வச்சுக்கிட்டே ஜம்முனு இருக்கும்." இந்த ஜோடியை மட்டும் இனி முட்டையிட விடவேண்டாம் என்றார்.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்று அவர் எழுந்தார். மனைவி எழவில்லை.

"டாக்டர், முட்டை இருக்கிறப்ப அந்த ரூம்ல கரப்பான் மருந்து அடிச்சேன். அதனால இருக்குமோ?"

அப்படித் தெரியவில்லை, மற்ற இரண்டும் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார் டாக்டரம்மா. இனிமேல் அடிக்கவேண்டாம் என்றும் சொன்னார். மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் இவர்.

"நீங்க சொன்னீங்களா?"

 டாக்டரம்மா பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவர் செய்திராத காரியம் அது.