சட்டையைப் பிடித்த கை

திருமலை ஓட்டும் கம்பெனி பஸ்ஸுக்குத் 'தேர்' என்று பேர். குறுக்கே யார் புகுந்தாலும், "பெருமாளே, நல்லபடியா போவட்டும்" என்று முணுமுணுத்து வழி விட்டுவிடுவார்.

"இன்னாண்ணா, எறங்கி வடம் புடிக்கட்டுமா? கம்பெனில கார்டு பஞ்ச் பண்ண லேட்டாவுது!" என்று பின்சீட்டிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் கிளியம்மாள் கத்துவாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அவருடைய தம்பி கோபால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. தண்ணி லாரி ஓட்டியவன். படப்பைப் பக்கம் உரசிவிட்டுப் போன காரைத் துரத்தி மடக்கி, நடுரோட்டில் நின்று நியாயம் கேட்டான். பின்னால் வந்த டிப்பர் லாரி அவனைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு திருமலைக்கு ரோட்டில் யார்மேலும் கோபம் வருவதில்லை. பயம்தான் வரும்.

அன்று அமாவாசை. தம்பியை நினைத்து எள்ளும் தண்ணியும் இறைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வண்டியை எடுத்தார். வல்லம் வடகால் ரோட்டில் திரும்புவதற்கு முன்னால் ஒரு கார் குறுக்கே வந்து நின்றது. ஒருவன் இறங்கி வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"யோவ், ஹாரன் அடிச்சா வுடமாட்டியா? ரோடு உங்கப்பன் வூட்டுதா?"

"தப்புதாம்பா. ஓரமா வா, பேசிக்கலாம்."

"நீ எறங்குடா மொதல்ல!"

பக்கக் கண்ணாடியில் ஒரு டிரெய்லர் லாரி வருவது தெரிந்தது. வேகம் குறையவில்லை. "பின்னாடி வண்டி வருது!" என்று கத்தினார். அவன் காதில் ஏறவில்லை. பாதி உடம்பை வெளியே நீட்டி, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து பஸ்ஸோடு சேர்த்து இழுத்தார். டிரெய்லர் உரசுகிறாற்போல் கடந்து போனது.

"அப்டி போடுண்ணா!" பஸ் முழுக்கக் கைதட்டல். சண்டையைப் பார்த்த கண்களில் டிரெய்லர் படவேயில்லை.

அவன் திமிறி, எம்பி, திருமலையின் கன்னத்தில் அறைந்தான். காரில் இருந்தவன் செல்லில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலத்துக்குள் அது எல்லார் செல்லிலும் ஓடியது. டிரெய்லர் கடந்து போன பிறகு, சட்டையைப் பிடித்தபடி இருந்த கையும் விழுந்த அறையும் மட்டும்தான் அதில் இருந்தன. கம்பெனிக்குப் பஸ் விடும் காண்டிராக்டர் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை நிறுத்திவிட்டார்.

வீட்டில் மனைவி சரோஜா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "பஸ்ல இருந்தவங்கள விசாரிக்கச் சொல்றதுதானே?"

"விசாரிச்சாங்க. எங்கண்ணன் நல்லா குடுத்தாருன்னு கிளியம்மா பெருமையா சொல்லிச்சாம். மத்தவங்களும் அதையேதான் சொன்னாங்க."

"பாவிங்க!"

"திட்டாத சரோஜா," என்றார். "அதுங்களுக்கு எம்மேல பிரியந்தான்."