எட்டு பிட், மைனஸ் உண்டு: ரோஸ்லின் நினைவாக

ஞாயிற்றுக்கிழமை மதியம் முதலாளி போன் செய்தார். பென்னாகரம் சாலை வளைவில் லாரி மோதி ரோஸ்லின் இறந்துவிட்டார் என்றார். நான் ஏதும் சொல்வதற்குள், "லேப்டாப் அவங்க கையிலதான் இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார். தட்டில் சோறு இருந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் என்று தெரியவில்லை.

ரோஸ்லினோடு படித்தவர்கள், ஏரியூர் பஸ்ஸில் தினமும் கூட வந்தவர்கள், சர்ச்சில் பழகியவர்கள், உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் என்ன வேலை செய்தார் என்று அடக்கத்தின்போது பலர் கேட்டீர்கள். "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுதுங்க" என்று அவருடைய அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தகாலத்தில் பேச அவருக்கு இன்னும் வரவில்லை.

தருமபுரியில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் பெட்டியைச் செய்யும் சின்ன கம்பெனி. பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. கிணற்றில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று சென்சர் சொல்லும். சென்சர் கம்பி அறுந்தால் மைனஸ் ஒன்று வரும். மைனஸ் வந்தால் மோட்டார் நிற்க வேண்டும். அந்த எண்ணை வைக்கும் இடத்துக்கு, எங்களுக்கு முன்பு இருந்த யாரோ char என்று வகை கொடுத்திருந்தார்.

விலை குறைவு என்று முதலாளி வேறு சிப்புக்கு மாறினார். மாற்றி எழுதும் வேலை ரோஸ்லினுக்கு வந்தது. அன்றே அவர் சொல்லிவிட்டார். char மைனஸ் எண்ணைத் தாங்குமா என்பதை சி மொழி தீர்த்துச் சொல்வதில்லை. நாம் எழுதுவதை அந்தந்தச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் பார்த்து முடிவு செய்வதுதான். பழைய சிப்பில் தாங்கியது. புதியதில் மைனஸ் ஒன்று இருநூற்று ஐம்பத்தைந்தாக மாறிவிடும். நூற்றுக்கு மேல் எது வந்தாலும் கிணறு நிறைந்ததாகவே எங்கள் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். எல்லா வகைகளுக்கும் அளவும் மைனஸும் தெரியும்படி நாமே பெயர் வைத்து ஒரே கோப்பில் எழுதிவிடலாம் என்றார். s8 என்றால் எட்டு பிட், மைனஸ் உண்டு. u8 என்றால் எட்டு பிட், மைனஸ் இல்லை. நாளைக்குச் சிப் மாறினால் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும்.

"எந்த மெஷின் படிச்சாலும் ஒரே அர்த்தம்தாங்க வரணும். அதுங்க இஷ்டத்துக்கு விட்டா நாம எதுக்கு எழுதறோம்?" என்றார்.

ஓடுகிற புரோகிராமில் கை வைக்க வேண்டாம் என்றார் முதலாளி. பெட்டிகள் விற்பனைக்குப் போயின. எங்கள் மேசையில் சென்சர் கம்பி எப்போதும் மாட்டியபடியே இருக்கும். அதைப் பிடுங்கிச் சோதிக்க எங்களுக்கு நேரம் தரப்படவில்லை.

இண்டூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வரப்பு வெட்டும்போது கம்பி அறுந்தது. கிணறு வற்றிய பிறகும் மோட்டார் ஓடியது. கிணறு நிறைந்திருப்பதாகத் தோட்டக்காரர் போனுக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரின் காயில் கருகியது. மாற்றி எழுதியவர் ரோஸ்லின்தானே என்று முதலாளி அவரையே அனுப்பினார். நானும் போனேன்.

தோட்டக்காரர் ரோஸ்லினிடம் எந்த ஊர் என்று கேட்டார். பிறகு அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். ரோஸ்லின் மறைக்காமல் சொன்னார். உடனே தோட்டக்காரர் என் பக்கம் திரும்பி, மோட்டார் ரூமில் சாமி படம் இருக்கிறது, நீங்க மட்டும் வாங்க என்றார். என்னிடம் அவர் தெரு கேட்கவில்லை.

"லேப்டாப் என்கிட்டதாங்க இருக்கும். பொட்டியக் கழட்டி இங்க கொண்டாந்துருங்க" என்றார் ரோஸ்லின்.

வேறு வழியில்லை. தோட்டக்காரரே சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றி, தூக்கிக்கொண்டு வந்து வெளியே இருந்த கல்லின் மேல் வைத்தார். முதலாளியிடம் கேட்காமலே ரோஸ்லின் s8 கோப்பைச் சேர்த்து, புரோகிராமை ஏற்றினார். திரும்பும்போது, நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா கெணறு ரொம்பிருமா? வூட்டுக்குப் போயித் திட்டிக்கறேன், விடுங்க" என்றார்.

விற்ற பெட்டிகளைத் திரும்ப வாங்க முதலாளி சம்மதிக்கவில்லை. விஷயம் வெளியே தெரியாமல், ஞாயிறுகளில் ஒவ்வொரு தோட்டமாகப் போய் புரோகிராமை மாற்றிவிட்டு வரச் சொன்னார். விலாசங்களை அவரே கொடுத்தார். அந்த ஞாயிறும் ரோஸ்லின் ஒரு தோட்டத்துக்குத்தான் ஸ்கூட்டியில் போனார்.

அடக்கத்தன்று முதலாளி பெரிய மாலையோடு வந்தார். சொந்த வேலையாகப் போன இடத்தில் இப்படி ஆகிவிட்டதே, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாதே என்று ரோஸ்லினுடைய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்பா, "ஆமாங்க, ஆமாங்க" என்றார். மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, நீ எதுவும் பேசாத. போனவங்க வரப்போறதில்ல. கம்பெனி இருக்கணுமில்ல" என்றார். எனக்குக் கோபம்கூட உடனே வரவில்லை.

மீதிப் பெட்டிகளில் புரோகிராமை நான் மாற்றி வருகிறேன். வேலை நாளில், ஆபீஸ் நேரத்தில்.

ரோஸ்லினிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: படிக்கிறவர் இஷ்டத்துக்கு விடாமல் எழுதுவது. அதனால் எழுதுகிறேன். ரோஸ்லின் கம்பெனி வேலைக்காக, முதலாளி அனுப்பிய இடத்துக்குப் போகும் வழியில் இறந்தார். நஷ்டஈடு கேட்டு அவருடைய அப்பா எந்த ஆபீஸுக்குக் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்.