சைபர் போட்ட ஊர்

என் அக்காவை அந்த ஊருக்கு அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாளிக்கிற மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு போலீஸ் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். காக்கி போடாத போலீஸ் வேலை. மாதக் கடைசியில் ஸ்டேஷன் வாரியாகக் குற்றப் பட்டியல் அடிப்பது என் பொறுப்பு. இடது ஓரத்தில் ஸ்டேஷன் பெயர். அதற்குப் பக்கத்தில் கொலை, கொள்ளை, வழிப்பறி, கன்னக்களவு, மாட்டுத் திருட்டு என்று வரிசையாகக் கட்டங்கள். ஸ்டென்சிலில் அடித்து, சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுத்து, மேலே அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் இதைச் செய்ததில் மாவட்டமே என் உள்ளங்கையில் இருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த கோச்சடையில் தெருக்காரர்கள் வீடு மாற்றுவதென்றால்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். "அந்தப் பக்கம் வேண்டாம், கன்னக்களவு ஜாஸ்தி" என்று நானும் ஜோசியக்காரி போலச் சொல்லுவேன்.

அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அத்தான் ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. அக்காவுக்கு மாற்றல் வந்தபோது இரண்டு இடம் காலியாக இருந்தது. ஒன்று மேலூர் டவுனிலேயே. மற்றது கொட்டாம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயரை எழுதப் போவதில்லை.

"எது நல்ல எடம்டி? புள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில இருக்கணும்" என்று அக்கா கேட்டாள்.

நான் பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். மேலூருக்கு ஒரு கட்டம் விடாமல் எண்கள். பஸ் ஸ்டாண்டில் ஜேப்படி, சந்தையில் திருட்டு, அடிதடி. அந்தக் கிராமத்து ஸ்டேஷனுக்கோ மாதம் தவறாமல் சைபர், சைபர், சைபர். "கண்ண மூடிக்கிட்டுப் போக்கா. கதவத் தெறந்து போட்டுத் தூங்கலாம்" என்றேன். அவள் நம்பினாள்.

ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. குழந்தைக்குப் பாலுக்கென்று அக்கா கன்றோடு ஒரு மாடு வாங்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. அப்புறம் ஒரு நாள் காலை, அன்றாட வழக்கு விவரங்களைப் பிரித்தபோது அந்த ஸ்டேஷன் பெயருக்கு எதிரே ஒரு வழக்கு இருந்தது. மாட்டுத் திருட்டு. புகார் கொடுத்தவர் பள்ளி ஆசிரியை. என் அக்கா பெயர்.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. மாடுதானே என்று நினைத்தேன். ஸ்டேஷன்களிலிருந்து தபால் கொண்டுவரும் போலீஸ்காரர் ஒருவர் அப்போது எதிரே நின்றிருந்தார். அந்தப் பக்கத்து ஆள், என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவர். அவரிடம் கிண்டலாக, "என்னண்ணே, உங்க ஊர்ப் பக்கம் கண்ணு பட்டுருச்சு போல. மாடு களவு போயிருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "களவு போறது புதுசில்லம்மா. எழுதுனதுதேன் புதுசு."

"அப்ப நான் மாசாமாசம் சைபர் போட்டது?"

"மாடு போனா மறுநாளு துப்புச் சொல்ல ஒருத்தன் வருவான். துப்புக்கூலியக் குடுத்தா மாடு கட்டுத்தறிக்கு வந்துரும். இதுல ஸ்டேஷனுக்கு எவன் போறான்? எங்க வீட்டு மாடே ரெண்டு தடவ போயிட்டு வந்துருச்சு. நானே போலீசு. நானும் குடுத்துத்தேன் மீட்டேன்."

சொல்லிக்கொண்டே காகிதத்தை வாங்கிப் படித்தவர் முகம் மாறியது. "ஏம்மா, துப்புச் சொல்ல வந்தவன் பேரையே சந்தேகம்னு எழுதிக் குடுத்துருக்காக. யாரு இந்த டீச்சரு?"

"எங்க அக்கா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னைக்கே போயி புகார எடுக்கச் சொல்லு. களவாண்டவனக் காட்டிக் குடுத்தாக்கூட ஊரு பொறுத்துக்கிரும். துப்புக்காரன மாட்டிவிட்டா, நாளப்பின்ன எவன் வருவான்? எவன் மாடும் திரும்பாது. அம்புட்டு சனமும் ஒங்கக்காவுக்கு எதிராத்தேன் நிக்கும்."

இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். மேலூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். வழக்கமாக அந்த பஸ் ஸ்டாண்டில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பேன். என் பட்டியல் தந்த பயம். அன்று அந்தக் கூட்டமும் இரைச்சலும் எனக்குத் தெம்பாக இருந்தன. இங்கே ஒருவன் பையைப் பறித்தால் நான்கு பேர் கத்துவார்கள், ஒருவராவது ஸ்டேஷனுக்குப் போய் எழுதுவார். இது இரண்டு வருடம் என் புத்தியில் ஏறவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்கும்போது உச்சி வெயில். இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல், ஆள் அரவம் இல்லை. கொஞ்ச தூரத்தில் பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒருவர் என் அருகில் வந்து இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு.

"டீச்சரம்மா தங்கச்சிதான?"

நான் வருவது அக்காவுக்கே தெரியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வெயிலு கொளுத்துது. பையக் குடுங்க, கேரியர்ல வச்சுக்கிறேன்."

"வேணாம்ண்ணே."

கண்மாயில் தண்ணீர் இல்லாதது பற்றி, நிலக்கடலை விலை பற்றி அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக, மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக. பாதி வழியில் ஒரு புளிய மரத்தடியில் நின்றார். நானும் நின்றுவிட்டேன்.

"நாந்தேன் தாயி அந்தத் துப்புக்காரன். நேத்து ஸ்டேஷன்ல கூப்புட்டு ஒக்கார வச்சுட்டாக. எனக்குக் கோவமில்ல. வெளியூர்க்காரவுக, தெரியாமச் செஞ்சுட்டாக. ஆனா மாட்ட ஓட்டிட்டுப் போனவய்ங்க எஞ்சொல்லக் கேக்குற ஆளுக இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எழுதுனத வாங்கிட்டா மாடு வந்துரும். அதுக்கு மேல எங்கையில இல்ல."

"மெரட்டுறீகளாண்ணே?"

"இல்ல தாயி. கெஞ்சுறேன்."

உண்மையிலேயே கெஞ்சினார். வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர் அதட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவரே யாருக்கோ பயப்படுகிறார் என்று தெரிந்ததும் நடையை எட்டிப் போட்டேன். ஊர் எல்லையில் சைக்கிளில் ஏறும்போது, "பாப்பாவ ஒத்தையில வெளிய விடாதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். அது அக்கறையா எச்சரிக்கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா வீட்டில் மதியச் சோறு தொடப்படாமல் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வரவில்லை. மூன்று நாளாகவே இல்லை என்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் பெண் வருவதில்லை. குழாயடியில் அக்கா போய் நின்றால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கொட்டகையில் கன்று மட்டும் நின்றது. அதன் கயிற்றை யாரோ அறுத்து, சுருட்டி, வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கன்றைத் தொடவில்லை.

"எப்ப வேணா வருவோம்னு சொல்றாய்ங்க. வரட்டுமே" என்றாள் அக்கா.

அவள் எப்போதுமே அப்படித்தான். படிக்கிற காலத்தில் டவுன் பஸ்ஸில் கைவைத்தவனைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கியவள். கோச்சடையில் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அவள்மேல் அவ்வளவு பெருமை. அன்றைக்கு அந்தப் பிடிவாதம் இல்லாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

"புகார எடுத்துருக்கா. ஒன் கால்ல விழுறேன்."

"நீதானடி சொன்ன, இந்த ஊர்ல ஒண்ணுமே நடக்காதுன்னு? நடந்துச்சு, எழுதுனேன். இதுல என் தப்பு என்ன?"

"தப்பு என் தப்புதான். எனக்குப் பயமா இருக்கு."

"ஒனக்குப் பயம்னா நான் பொய் எழுதிக் குடுக்கணுமா?"

அந்த நேரத்தில் குழந்தை உள்ளே வந்தாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் அவள் வாசலுக்குப் போனதையே கவனிக்கவில்லை. கையில் ஒரு பெரிய கொய்யாப்பழம்.

"யாருடா குடுத்தா?"

"ஒரு மாமா. அம்மா நல்லாருக்காகளான்னு கேட்டாக. நான் எங்கிட்டு வெளாடப் போவேன்னு கேட்டாக. கோயிலுக்குப் பின்னாடின்னு சொன்னேன்."

அக்கா பழத்தை வாங்கினாள். வீசி எறிவாள் என்று நினைத்தேன். அடுப்படி மாடத்தில் மெதுவாக வைத்தாள். குழந்தையை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். பிறகு, "காலைல ஸ்டேஷன்ல எத்தனை மணிக்கு ஆள் இருப்பாக?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் போனோம். ஸ்டேஷன் ரைட்டர் காரணம் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். "மேயப் போன மாடு வழி தவறிப் போய்த் தானாகவே திரும்பி வந்துவிட்டது. நான் கொடுத்த தகவல் தவறு." கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் அக்கா எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மாடு வந்துருச்சான்னு நீங்க கேக்கவே இல்லையே சார்?"

"வந்துருச்சுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க டீச்சர்" என்றார் அவர்.

திரும்பி வந்து பார்த்தால் கொட்டகையில் மாடு நின்றது. கழுத்தில் புதுக் கயிறு, முன்னால் வைக்கோல். பால் ஒட்டக் கறக்கப்பட்டிருந்தது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது. சாயங்காலம் அந்த சைக்கிள்காரர் வந்தார். அக்கா துப்புக்கூலியைக் கொடுத்தாள், குடிக்கத் தண்ணீர் கேட்டார், அதையும் கொடுத்தாள். அடுத்த அரை மணியில் தண்ணீர்க்காரப் பெண் குடத்தோடு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "டீச்சர், நாளைக்கு ரெண்டு கொடம் போதுமா?" என்றாள்.

நான் ஊர் திரும்பியபோது மாதக் கடைசி. பாதி பட்டியலை முன்பே ஸ்டென்சிலில் அடித்து வைத்திருந்தேன். அந்த ஊருக்கு நேரே மாட்டுத் திருட்டுக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. தகவல் தவறு என்று வழக்கு முடிக்கப்பட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஸ்டென்சிலைத் திருத்தும் சிவப்புத் திரவத்தைத் தொட்டு அந்த ஒன்றை மூடினேன். காய்வதற்காக வாயால் ஊதினேன். பிறகு அதன்மேல் சைபர் அடித்தேன். முழுதாகக் காயாததால் பிரதி எல்லாவற்றிலும் அந்த இடம் கொஞ்சம் அப்பியிருந்தது. யாரும் என்னவென்று கேட்கவில்லை.

அக்காவைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று துடித்தேன். அவள் வர மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டு விறகில் ஒரு குச்சியைக்கூட யாரும் தொடவில்லை. குழந்தை இருட்டும் வரை விளையாடினாள். பயப்பட ஒன்றுமே இல்லை; உண்மையாகவே பத்திரமாகத்தான் இருந்தார்கள். நானும் நிம்மதியாக இருந்தேன், இரண்டு வருடம்.

ஒரு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது, ஊருக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி அழுதுகொண்டே வந்தாள். சின்னப் பெண். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருந்த அவள் சைக்கிளைக் காணவில்லை. "ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும் டீச்சர். எனக்குத் தொணைக்கு வாரீங்களா?" என்று கேட்டாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"ஸ்டேஷனுக்கெல்லாம் போகாத தாயி. நாளைக்கு ஒருத்தர் வருவாரு. கேட்டதக் குடுத்துரு. சைக்கிளு வந்துரும்" என்றாள்.

பஸ்ஸில் ஒருவனைத் தலைமுடியைப் பிடித்து இறக்கிய குரல் எனக்குத் தெரியும். இது அது இல்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். என் பயத்தை நான் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்ததும், அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சைக்கிளு வந்துருமாக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துரும். நீ ஒன் சைபரப் போடு" என்றாள்.

போட்டேன்.