முகம் படிக்கிற பரீட்சை

‘என் மூஞ்சியைப் பார்த்தால் தெரியவில்லையா?’ என்று வீட்டில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு மார்க் போடுவதுதான் என் உத்தியோகம். தலையில் அடிபட்டவர்களுக்கு அடுத்தவரின் முகமும் குரலும் புரிகிறதா என்று சோதிக்கும் வேலை. தொண்ணூறுகளில் பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். இந்தக் கேள்வியில் மாட்டி முழிக்காதவர் நம்மில் யார்?

மேரி கேட்டது

மர்பி டவுன் ஆட்டோக்காரர் தாஸுக்கு வண்டி கவிழ்ந்து தலையில் அடி. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. ஆனால் மனைவி மேரி எதிரே உட்கார்ந்து அழுதாலும் ‘குழம்பு ஆச்சா?’ என்பாராம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மேரி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அடிபட்டதால இப்படியா, இல்ல என்மேல பாசமே போச்சான்னு பார்த்துச் சொல்லுங்க சார். பாசம் போச்சுன்னா நான் ஆம்பூருக்கு எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்.”

வெள்ளைக்காரர்

எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் சீமைச் சரக்கு. பல்லைக் கடித்துக் கண்ணை உருட்டும் வெள்ளைக்காரரைக் காட்டி, இவர் மனசில் என்ன என்று கேட்டேன். “நம்ம ஏரியா ஆளே இல்லையே சார், எனக்கெப்படித் தெரியும்?” என்றார் தாஸ். நியாயம்தான். நானே கோபமாக முறைத்துக் காட்டினேன். தாஸ் பதறி எழுந்துவிட்டார்: “என்ன சார், கண்ணுல தூசி விழுந்துச்சா?”

பஸ் வந்துவிட்டது

அடுத்தது டேப் ரிக்கார்டர். ‘பஸ் வந்துவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்தைச் சந்தோஷமாக, கோபமாக, பயந்து, அழுது நானே பேசிப் பதிந்திருந்தேன். பதிந்த அன்று பக்கத்து அறைக்காரர்கள் கவலையோடு எட்டிப் பார்த்தார்கள். நான்கையும் கேட்டுவிட்டு நான்குமே துக்கம் என்றார் தாஸ். ஏன் என்றேன். “பஸ் வந்தா நம்ம சவாரி போச்சே சார், துக்கம் இல்லாம?”

மேரி சொன்னது

பாசத்தை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. ஆனால் என் கண்ணில் தூசி என்று பதறுகிற மனுஷனிடம் அது இல்லாமல் போகுமா? முகமும் குரலும்தான் அவருக்கு எட்டவில்லை, வார்த்தை எட்டுகிறது. எதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று மேரியை அனுப்பினேன். பலிக்குமா என்று எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த மாதம் மேரி தனியாக வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆம்பூருக்குக் கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். “கட்டின பையைப் பிரிச்சிட்டேன் சார். ‘எனக்கு அழுகையா வருது’ன்னு சொன்னேன். டிவியை ஆஃப் பண்ணிட்டு பக்கத்துல வந்து உக்காந்து, ஏன்னு கேட்டாரு. அடிபடறதுக்கு முன்னாடிகூட ஒரு தடவை அப்படிக் கேட்டதில்ல சார்!”

இந்தப் பரீட்சையை அடிபடாத கணவர்களுக்கு வைப்பதில்லையா என்று அன்று இதைக் கேட்ட என் மனைவி விசாரித்தபோது, நான் அவசரமாகக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.