முட்டை சேராத தட்டு

சாரம்மாள் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தபோது அவள் அப்பா குற்றாலலிங்கம் பிள்ளை கோக்கோ கேக்கைத் தின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் இருந்தது தப்பான தட்டு.

அவள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து சத்தியநேசனைக் கட்டிக்கொண்ட பிறகு அவர் ஆழ்வார்குறிச்சியை விட்டுப் பாளையங்கோட்டைப் பக்கமே வந்ததில்லை. பேரனுக்கு ஞானஸ்நானம் என்று கேள்விப்பட்டு இன்றுதான் படியேறியிருந்தார். மிஷன் துரைசானி கொடுத்த கோக்கோப் பொடியில் அவள் இரண்டு கேக் சுட்டிருந்தாள். சபையாருக்கு முட்டை அடித்து ஊற்றியது ஒன்று. ஒருவேளை வந்தால் சைவரான அப்பாவுக்கு என்று தயிர் ஊற்றியது ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. விவரம் தெரியாத நாத்தனார் முட்டைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டாள்.

சொன்னால் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார். சொல்லாமல் விட்டால் பாவம்.

கடைசித் துணுக்கையும் வாயில் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"ஒங்க அம்மைக்கும் கொஞ்சம் கெட்டிக் குடு, அன்னத்தாய்," என்றார், பழைய பேரைச் சொல்லி.

அவள் கை தட்டின் பக்கம் போகவில்லை.

"இதுல வேண்டாம்ளா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "முட்டை வாடை எனக்கு முதல் வாயிலேயே தெரிஞ்சிட்டு. முட்டை சேராதது இருந்தா அவளுக்கு அத வை."