சென்னைக்கு நாலு மணி நேரம்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். இதை நான் எத்தனை பேரிடம் அளந்திருப்பேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வெள்ளிமலையில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனைத்தான் அதிகம் சீண்டுவேன். "நீ கல்வராயன் மலைய வுட்டு எறங்கறதுக்குள்ள நான் சிங்கப்பூர்ல இருந்து வந்துருவேன்டா" என்பேன். அவனும் சிரிப்பான்.

போன தை மாதம் கள்ளக்குறிச்சியில் அக்கா மகளுக்குக் காது குத்து. எங்கள் பக்கம் தாய்மாமன்தான் தோடு வாங்கி வர வேண்டும். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். நான் ஒரே தம்பி. "முன்னாடி நாளே வந்துர்றா, அவங்க வூட்டு ஆளுங்க எல்லாம் வராங்க" என்று அக்கா போனில் கெஞ்சினாள். அதற்கு ஒரு நாள் லீவு கூடுதலாகப் போட வேண்டும். "நாலு மணி நேரம்தான்க்கா, காலைல எறங்கி நேரா வந்துர்றேன்" என்றேன். அவளும் அதை மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

விமானம் குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டது. அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு இன்னும் அதே அளவு நேரம். சொந்த ஊர்க்காரனுக்கு அது தெரியாதா? தெரியும். ரோடு காலியாக இருக்கும் என்று என் வசதிக்கு நினைத்துக்கொண்டேன். பெட்டி வரத் தாமதம், தாம்பரம் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, சுங்கச்சாவடியில் வேறு வரிசை. "எங்கடா வந்துக்கினு இருக்க?" என்று அக்கா கேட்டபோது கார் திண்டிவனத்தைக்கூடத் தொடவில்லை. "உளுந்தூர்பேட்டை தாண்டிட்டேன்க்கா" என்று கூசாமல் சொன்னேன். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதை நம்பி, மொட்டையடித்த குழந்தையை வைத்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் காத்திருந்திருக்கிறது.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்றதும் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள். மலை பஸ்ஸை நம்ப முடியாது என்று அவன் முந்தின நாளே வந்துவிட்டானாம். குழந்தை அவன் தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. காதில் சின்னப் பொட்டுத் தோடு. எங்கேயோ பார்த்த தோடாக இருக்கிறதே என்று அக்காவைப் பார்த்தேன். அவள் காது இரண்டும் மூளியாக இருந்தன. நான் வாங்கிய தோடு என் சட்டைப் பையில் இருந்தது.

"இன்னா தம்பி, பிளேன் ரொம்ப லேட்டாமே? உங்க அக்கா சொல்லிச்சு" என்றார் அக்காவின் மாமியார். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆமாங்க, லேட்டுதாங்க" என்றேன். அத்தனை பேர் நடுவில் கூனிக் குறுகிப்போனேன்.

மறுநாள் இரவு எனக்குத் திரும்பும் விமானம். "வழியில நேரம் ஆவும்டா, சீக்கிரமா கெளம்பு" என்றாள் அக்கா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டாள். ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே நான் காலை டிபன் முடிந்ததும் வரும்படி காருக்குச் சொல்லியிருந்தேன். விமானத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று, வழியில் ஆகக்கூடிய ஒவ்வொரு தாமதத்தையும் இந்த முறை சரியாகக் கணக்கில் சேர்த்திருந்தேன்.