கழுத்தில் நின்ற மருந்து

என் நைனா ஒரு நாளும் குடித்ததில்லை. இதை நான் நம்புவதற்கு ஒரு எக்ஸ்ரே படம் வேண்டியிருந்தது.

உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிற வேலை அவருக்கு. பன்னிரண்டு வயதில் தொடங்கியது. நெல் மூட்டையைப் பிடரியில் வாங்கி, தலையைக் குனிந்து, லாரியிலிருந்து களத்துக்கும் களத்திலிருந்து குடோனுக்கும் நடப்பார். பிடரிக்குக் கீழே ஒரு காய்ப்பு, எலுமிச்சம்பழம் அளவுக்கு. சின்ன வயதில் அவர் தோளில் உட்காரும்போது அதைத்தான் பிடித்துக்கொள்வேன்.

மூடிக் கிடந்த சாராயக்கடைகளை மறுபடியும் திறந்துவிட்ட வருஷம் அது. எங்கள் ஊருக்குத் திரும்புகிற ரோட்டிலேயே ஒரு கடை வந்தது. அதே வருஷம்தான் நைனாவின் நடை மாறியது. காலை அகட்டி வைத்து, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதுபோல் நடந்தார். ஒரு கால் செருப்பு வழியில் கழன்று விழுந்தது தெரியாமல் வீட்டுக்கு வந்து நிற்பார். சட்டைப் பொத்தான் போட வெகுநேரம் பிடித்தது. சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி தட்டிலேயே உதிர்ந்தது.

மில்லில் கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள்: "இன்னா மாமா, ரோடு ஆடுதா, நீ ஆட்றியா?"

"ரெண்டும் சேந்துதான் ஆட்து" என்று நைனாவும் சிரிப்பார். அவர் சிரித்ததை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

அம்மாவால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய அப்பா சாராயத்தில் செத்தவர். கல்யாணத்துக்கு முன்பே நைனாவிடம் தொடமாட்டேன் என்று வார்த்தை வாங்கிக்கொண்டுதான் கழுத்தை நீட்டினாள். இப்போது அவள் நைனாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

ஒரு நாள் லாரிப் பலகைமேல் நைனா மூட்டையோடு சரிந்தார். நெல் கொட்டியது. மேஸ்திரி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அம்மா மில்லுக்கே போய்க் கெஞ்சியதில் மேஸ்திரி ஒரு வழி சொன்னார்: வெள்ளிக்கிழமை பொன்னியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், மறுநாளே வேலைக்கு வரட்டும். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விசாரணை கிடையாது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஒரே அடியில் அணைக்க வேண்டும். பொய்யன் கையை அம்மன் அணைக்க விடமாட்டாள்.

நைனா தயங்கவே இல்லை. குளித்து, ஈரத்துணியோடு வந்தார். வாசலில் ஒரு ஓட்டில் சூடம் எரிந்தது. மேஸ்திரியும் மில் ஆட்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"பொன்னியம்மா மேல ஆணையா நான் சாராயத்தத் தொட்டதில்ல" என்று சொல்லி நைனா கையை ஓங்கினார். கை சூடத்தின்மேல் விழவில்லை. ஓட்டின் விளிம்பில் பட்டு ஓடு கவிழ்ந்தது. சூடம் மண்ணில் உருண்டு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அடித்தார். விரல்கள் விரியவில்லை. மடங்கிய கையில் சூடம் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. மண்ணில் தேடிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிதான் துண்டால் தட்டிவிட்டார். "நெருப்பு சுட்றதே தெரியல. அவ்ளோ ஏத்திக்கினு வந்துகீறான்" என்றார். "அம்மனே காட்டிக் குட்த்துட்டா. இதுக்கு மேல நான் இன்னாம்மா பண்றது?"

அம்மா கண்ணைத் திறந்து யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

கையில் நெருப்பு எரிவது தெரியாத மனிதனுக்கு வேறு ஏதாவது இருக்கலாம் என்று அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வகையறாவில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சூடத்தை நம்புகிறவன் இல்லை என்ற நினைப்பு எனக்கு. அதனால் எனக்கென்று ஒரு சோதனை வைத்தேன்.

அன்று மாலை நைனாவைக் கூடத்தில் நிறுத்தி, "ஊது" என்றேன்.

"இன்னாது?"

"என் மூஞ்சிமேல ஊது. வாசனை வருதா பாக்கணும்."

தோள் துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல் மெல்ல ஊதினார். வெற்றிலை வாசனை வந்தது. சாராய வாசனையை மறைக்கத்தான் வெற்றிலை என்று முடிவு செய்துகொண்டேன். அவர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வெற்றிலை போடுகிறவர்.

அன்றிலிருந்து என்னோடு பேசும்போது தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார்.

பிறகு நடந்ததுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். "குடிப்பாரா?" என்று கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்போல் பார்த்தார்.

"டெய்லி குடிப்பாரு சார்" என்றேன். டாக்டரிடம் உண்மையை மறைக்கக் கூடாது என்று படித்திருந்தேன்.

குடியால் நரம்பு கெட்டிருக்கிறது என்று சத்து ஊசியும் மாத்திரையும் எழுதினார். படித்த பிள்ளை சொல்வதை அவர் ஏன் சந்தேகிக்க வேண்டும்? ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த ஊசி போட்டோம். ஒவ்வொரு தடவையும் நைனா சட்டைக் கையை மடிக்க முடியாமல் நிற்பார், நான் மடித்துவிடுவேன். அடுத்த அறுப்பு சமயத்தில் வாய்க்கால் தாண்டும்போது விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அந்த டாக்டரே மெட்ராசுக்குக் கொண்டுபோகச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் நரம்பு வார்டில் ஒரு லேடி டாக்டர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். நைனா மறுபடி என்னைப் பார்த்தார். நான் அதே பதிலைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டு, ஒரு சின்னச் சுத்தியால் முழங்காலைத் தட்டினார். கால் உதைத்துக்கொண்டு எழும்பியது. சாவியால் உள்ளங்காலைக் கீறினார். கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நைனாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பெரியவரே, தலைய குனிஞ்சா ஏதாவது செய்யுதா?"

துண்டுக்குப் பின்னாலிருந்து நைனா சொன்னார்: "சுர்ருன்னு கரண்டு அடிக்கற மாரி முதுவுல எறங்கும்மா. கால் வரிக்கும் போவும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"ஏன் நைனா சொல்லல?" என்றேன்.

"யாரும் கேக்கலியே."

கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகளின் ஓரம் மூக்கு மூக்காக வளர்ந்து, நடுவில் நரம்புத்தண்டு போகிற வழியை நெருக்குவதாக டாக்டர் சொன்னார். எலும்புதான் இதில் தெரியும், நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று தெரியாது, அதற்கு மைலோகிராம் எடுக்கவேண்டும் என்றார். இடுப்புக்கு மேலே முதுகில் ஊசி குத்தி, படத்தில் வெள்ளையாகத் தெரிகிற மருந்து ஏற்றினார்கள். நைனாவை மேசையோடு சேர்த்துக் கட்டித் தலைப்பக்கம் தாழச் சாய்த்தார்கள், மருந்து கழுத்துக்கு ஓடி வரவேண்டும் என்று. கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே யாரோ "மூச்சைப் பிடிங்க" என்றார்கள். கொஞ்சம் கழித்து "விடுங்க" என்றார்கள். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்கள்.

ஈரம் காயாத படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மருந்து வெள்ளையாக ஒரு கோடு போல முதுகிலிருந்து ஏறி வந்தது. கழுத்துக்கு வந்ததும் இளைத்தது. இரண்டு இடத்தில் நூலாக இழுத்துக்கொண்டு போய், மூன்றாவது இடத்தில் நின்றுவிட்டது. மடையை மண் வெட்டிப் போட்டு அடைத்ததுபோல. அதற்கு மேலே ஒன்றுமில்லை.

"இவர் என்ன வேலை செஞ்சாரு?"

சொன்னேன்.

"இது குடியால வர்றது இல்லப்பா. இப்படி நெரிச்சா குடிக்கிறவன் நடக்கற மாதிரிதான் நடப்பாங்க. கை மரத்துப்போகும். பிடிச்சது நழுவும்." என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ அவரு குடிச்சுப் பாத்திருக்கியா?"

யோசித்தேன். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஆபரேஷன் பண்ணி நெருக்கத்தை எடுத்துவிடலாம். இதுக்குமேல மோசமாகாம நிக்கும். ஆனா போனது திரும்பி வரும்னு நான் சொல்லமாட்டேன். ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கு."

எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வார்டில் நைனாவைத் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கவைத்திருந்தார்கள். "நைனா, நீ குடிக்கலன்னு படத்துல தெரிஞ்சிட்ச்சி" என்றேன்.

"படத்துலயா?" என்றார். "ஒங்கம்மாகிட்ட காட்டு."

ஆபரேஷன் நடந்தது. உயிருக்குக் குறையில்லை. உட்கார வைத்தால் உட்காருவார். கால் வரவில்லை, விரல்கள் வரவில்லை.

அம்மா அந்தப் படத்தை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்து, நான் காட்டிய இடத்தை விரலால் தடவினாள். பிறகு நைனாவின் காலடியில் உட்கார்ந்து, சூடம் சுட்ட தழும்பு இருந்த கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நான் வச்சிகீறன், ஒனக்குத் தெரிதாய்யா?" என்றாள். தெரிகிறது என்றார் நைனா. எனக்கு அவர் முகம் தெரிந்தது. அவர் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேஸ்திரியும் வந்தார். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எனக்கு இன்னா தெரியும், எல்லாம் பொகையாதான் கீது" என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார். ஊருக்கு அவர் குடித்தவராகவே இருக்கிறார்.

அம்மா கழனிக்குப் போகிற நாட்களில் நான்தான் ஊட்டுகிறேன். நைனாவின் கழுத்தில் பட்டை கட்டியிருக்கிறது, தலை திரும்பாது. துண்டை எடுக்கக் கை வராது. அப்படியும் என்னோடு பேசவேண்டியிருந்தால் தோளைச் சரித்து, உடம்போடு முகத்தைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த்தான் பேசுகிறார்.

நேற்று கேட்டேன்: "என்னப் பாத்து பேசு நைனா. நீ குடிக்கலன்னு எனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் கண்ணு" என்றார் சுவரைப் பார்த்து. "பயக்கமாயிட்ச்சி."

கவளத்தை வாயருகே கொண்டுபோனேன். என் பக்கம் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.